மூலிகைச் செடிகளுக்கு மண் கலவை தயாரித்தல்

மூலிகைச் செடிகளுக்குச் சத்து மிகுந்த மண்ணைவிட நீர் தேங்காத மண்ணே முதல் தேவை. தோட்ட மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு என எடுத்து, கற்களையும் பழைய வேர்களையும் நீக்கிய பின் கலக்க வேண்டும். ரோஸ்மேரி, தைம் போன்றவை வறட்சி தாங்குபவை என்பதால், அவற்றுக்கு மணலை இரட்டிப்பாக்கி உரத்தைப் பாதியாக்கலாம். ஈரம் விரும்பும் புதினாவுக்கு மணல் குறைவாகவே போதும்.

கலவை சரியா என்பதைக் கையே சொல்லிவிடும். ஈரமான கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கி, பின் விரலால் லேசாகத் தட்டினால் அது பொலபொலவென உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் களி மிகுதி, பிடிக்கும்போதே சிதறினால் மட்கு போதவில்லை என்று பொருள். கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை இருப்பது பெரும்பாலான மூலிகைகளுக்கு ஏற்றது.

தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் விரைந்து வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பருமனான கல்லுக்கு நீர் எளிதில் இறங்காமல் வேரருகே தேங்கிவிடும் என்பதால், மண் வெளியேறாதிருக்கத் துளையின் மீது ஓர் ஓட்டுச்சில்லு வைத்தாலே போதும். உரத்தை அள்ளிக் கொட்டும் ஆசையையும் அடக்க வேண்டும்; தழைச்சத்து மிகுந்தால் இலை பெருக்கும், மணம் குறையும்.