நம்பாத உறவுகளுக்காக ஜெபிக்க ஒரு சின்னக் கொப்பி

வீட்டில் ஒருவர் இயேசுவை நம்பாதபோது, "ஆண்டவரே, அவரை இரட்சியும்" என்று ஒரே வரியில் ஜெபித்து முடித்துவிடுகிறோம். நாலு நாளில் அதுவும் விட்டுப்போகும். எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்னக் கொப்பி. ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர். கீழே திகதி, அவருக்கு இப்போது உண்மையில் வேண்டியது: "மாமா, சீனி வருத்தம், கால் புண் ஆறவேண்டும்." "தம்பி, இரவில் நித்திரை இல்லை."

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து ஜெபிக்கிறேன். காலி வீதி நெரிசலில் ஒரு பெயருக்குத் தாராளமாக நேரம் கிடைக்கும்.

அப்புறம், ஆளிடமே கேளுங்கள்: "மாமா, உங்களுக்காக என்ன கேட்கட்டும்?" பிரசங்கம் வேண்டாம். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும் வரும் ஊர் இது. ஜெபம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் குறைவு. மாமா முதலில் சிரித்தார். பிறகு சாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் புண்ணைக் காட்டினார்.

மோனிக்கா என்ற தாய், பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட தன் மகன் அகுஸ்தினுக்காகப் பல வருடம் கண்ணீரோடு ஜெபித்தார். அகுஸ்தின் ஞானஸ்நானம் பெற்றது 387இல், 32 வயதில். ஆகவே பக்கம் நிறைந்தால், அதே பெயரை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.