சுதந்திரா கட்சியை எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

வலதுசாரி கட்சின்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு மதம்தான் ஞாபகத்துக்கு வருது, அதனாலயே ராஜாஜியோட சுதந்திரா கட்சிய ஜனசங்கத்தோட (இன்னிக்கு பாஜகவோட முன்னோடி) சேர்த்து பேசிடுறாங்க, இல்லன்னா பணக்காரன் கட்சின்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. ரெண்டும் வேலைக்காகாது. கொள்கை அறிக்கைய அப்புறமா எடுங்க, முதல்ல அவங்களுக்கு எது மேல கோவம்னு பாருங்க.

அதுக்கு 1959 ஜனவரி நாக்பூர் காங்கிரஸ் தீர்மானத்துக்கு போகணும். விவசாயிங்க நிலத்த ஒண்ணா சேர்த்து கூட்டுறவு முறைல பயிர் பண்ணணும்னு அதுல முடிவாச்சு. இன்னிக்கு நிலத்த கேட்பான் நாளைக்கு பட்டாவையும் கேட்பான்னு நிலம் வச்சிருந்தவங்களுக்கு பயம். ஆந்திரா விவசாயிங்க தலைவர் என்.ஜி.ரங்கா காங்கிரஸ விட்டு வெளிய வந்தார், அந்த ஜூன்லயே மெட்ராஸ்ல கட்சி அறிவிப்பு, ராஜாஜிக்கு அப்போ வயசு 80! ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். இந்த மசானி ஒரு காலத்துல காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், ஸ்டாலின் ரஷ்யாவ பாத்து மனசு மாறினவர், அவர் கதைய தனியா படிங்க, கட்சியோட பாதி சிந்தனை அதுலயே கிடைச்சிடும்.

இப்போ கட்சியோட 21 கொள்கைகள எடுங்க. சொத்துரிமை, அரசாங்கம் தொழில்ல தலையிடறத குறைக்கிறது, தொழில் பண்ண எதுக்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி வாங்கணும்ங்கறத ராஜாஜி திட்டின 'பர்மிட் லைசன்ஸ் கோட்டா ராஜ்' எல்லாம் நீங்க எதிர்பார்க்கிறதுதான். கடைசி கொள்கைய மட்டும் நிதானமா படிங்க, இதுல சொல்லாத விஷயத்துல உறுப்பினர் யார் வேணா எப்படி வேணா நினைச்சுக்கலாம்னு இருக்கும். மதத்த வச்சு கட்டின கட்சி இப்படி எழுதவே எழுதாது.

ஆனா அறிக்கைய மட்டும் நம்பிடாதீங்க, ஓட்டு எங்கேருந்து வந்துச்சுன்னும் பாக்கணும். ஒரிசால பழைய ராஜாக்களோட கணதந்திர பரிஷத் அப்படியே உள்ள வந்துச்சு, ஜெய்ப்பூர்ல 1962ல மகாராணி காயத்ரி தேவி ஜெயிச்சாங்க. மேடைல தனிமனித சுதந்திரம், பூத்ல அரண்மனை செல்வாக்கு. என்னைக் கேட்டா இந்த முரண்தான் கட்சியோட உண்மையான கதை. லோக்சபால 1962ல 18 சீட்டு, 1967ல 44, காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி.

தமிழ்நாட்டுக்கு தனியா நேரம் ஒதுக்குங்க, இங்கதான் சுவாரசியம். 1938ல பள்ளிக்கூடத்துல இந்தி பாடத்த திணிச்ச அதே ராஜாஜி 1965ல இந்தி வேணாம்னார், 1967ல திமுகவோட கூட்டணி. அரசாங்கம் சந்தைல கை வைக்கக்கூடாதுன்னு சொன்ன கட்சி, ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு சொன்ன கட்சியோட கைகோத்துச்சு! காங்கிரஸ இறக்கணும்ங்கற வெறி கொள்கைய ஜெயிச்சிடுச்சுன்னுதான் சொல்லணும். சுதந்திராவுக்கு சட்டசபைல 20 சீட்டு, ஆனா திமுகவுக்கு தனியாவே மெஜாரிட்டி வந்ததால இவங்க தயவு தேவைப்படல. 1971ல ராஜாஜி, காங்கிரஸ் உடைஞ்சப்புறம் இந்திரா காந்திக்கு எதிரா இருந்த காமராஜர் பக்கம் போய் நின்னார், லோக்சபால கட்சி 8 சீட்டுக்கு இறங்கிடுச்சு, அடுத்த வருஷமே ராஜாஜியும் இறந்துட்டார், 1974ல சரண் சிங் ஆரம்பிச்ச பாரதிய லோக் தளத்துல கட்சி கரைஞ்சிடுச்சு.

யார் சொன்னதையும் கேட்காம நேரா படிக்கணும்னா பார்லிமென்ட் விவாதங்கள் ஆன்லைன்லயே இருக்கு, 1964ல நிலச் சீர்திருத்தச் சட்டங்கள கோர்ட் ரத்து பண்ணாம பாதுகாப்பு கொடுத்த, அரசியல் சட்டத்தோட 17வது திருத்தம் பத்தின விவாதத்துல ஆரம்பிங்க.