"வெளிக்கிடுறன்" என்றால் எத்தனை நிமிடம்? பிள்ளையை நேரத்துக்கு வேலைக்கு அனுப்பப் பழக்கிய கதை

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்த மகன், கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். (வயது 16 முடிந்துவிட்டது. 2021இலிருந்து இலங்கையில் 16க்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்க முடியாது, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) வேலை 8.30க்கு. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி என்ன தூரம்? முதல் கிழமையே மூன்று நாள் பிந்தினான். மூன்றாம் நாள் கடை மேற்பார்வையாளர் எனக்கே போன் எடுத்துவிட்டார்.

இரவே உடுப்பை அயன் பண்ணி வைப்பது, அலாரம் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: எந்த 8.30?

கடை வாசலிலா, சீருடை போட்டுக் கவுண்டரிலா? இதைப் பிள்ளைதான் கேட்க வேண்டும், நீங்கள் போன் எடுக்கக் கூடாது. இவன் கேட்டபோது கவுண்டரில் என்றார்கள். ஆக வாசலில் 8.20.

படி 2: உண்மையான நிமிடங்களை அளப்பது

நான் சறுக்கியது இங்கேதான். காலையில் எங்கள் வீட்டில் நடக்கும் கதை இது:

"வெளிக்கிட்டாச்சா தம்பி?"

"ஓம் அம்மா, வெளிக்கிடுறன்."

எங்கள் தமிழில் சட்டைக்குள் கையை விடுவதும் வெளிக்கிடுவதுதான், வாசலைத் தாண்டுவதும் வெளிக்கிடுவதுதான். அவன் முதலாவதைச் சொன்னான், எனக்கு இரண்டாவது கேட்டது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, நேரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை வீட்டில் தடை செய்தோம். இப்போது "சப்பாத்து போட்டுட்டன்", "கதவு பூட்டிட்டன்" இரண்டும்தான் செல்லும்.

அப்புறம் ஒரு தாளில் இரண்டு வரிசை. முதல் வரிசையில் எதற்கு எவ்வளவு நேரம் என்று அவன் நினைப்பது, அடுத்ததில் உண்மையில் எடுத்தது. மூன்று நாள், அவன் போனிலேயே அவனே அளக்க வேண்டும். நீங்கள் மணிக்கூட்டோடு பின்னால் நின்றால் சண்டைதான் வரும்.

குளிப்பு 5 என்று எழுதினான், எடுத்தது 14. உடுப்பு 5, எடுத்தது 9. சாப்பாடு 10, அது 12. சப்பாத்துக்கு 1 நிமிடம் என்று போட்டவனுக்கு 6 ஆனது. எப்படி என்று எட்டிப் பார்த்தேன். ஒரு காலில் காலுறை, மற்றது கையில், கண் போனில். பிறகு எழும்பிப் போய் இயர்போன் தேடல். லிஃப்டை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. நாலாம் மாடியிலிருந்து அதற்கு மட்டும் 4. மொத்தம் 21 என்று நினைத்தது 45 ஆக நின்றது.

எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமான வியாதி இல்லை இது. கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இலேயே இதற்கு "திட்டமிடல் பிழை" (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க சராசரியாக 34 நாள் போதும் என்ற பல்கலைக்கழக மாணவர்களுக்கு 55 நாள் பிடித்தது. இதைச் சொன்ன பிறகுதான் மகன் முறைப்பதை விட்டான்.

படி 3: பின்னாலிருந்து எண்ணுவது

வாசலில் 8.20. ஸ்டேஷனிலிருந்து கடைக்கு நடை 8, கோச்சி (ரயில்) 10, கோச்சி பிந்தினால் என்று 15, வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 7. ஆக 7.40க்குக் கதவு பூட்டு. அதிலிருந்து 45 கழித்தால் 6.55க்கு எழும்ப வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பது 7.40 மட்டும்தான். 8.30 என்று எங்கேயும் எழுதாதீர்கள், அதைப் பார்த்தால் இன்னும் நேரம் கிடக்கிறது என்று தோன்றும்.

பஸ்ஸா கோச்சியா என்றால் நான் கோச்சிக் கட்சி. காலி வீதியில் 100ம் 101ம் வந்துகொண்டே இருப்பதால் "அடுத்தது வரும்" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வந்த பஸ்ஸும் ஆள் சேர்க்க ஹோல்ட்டுக்கு ஹோல்ட் ஊரும்.

படி 4: மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைக்காதீர்கள்

1996 மே மாதம் அரசாங்கமே நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பிக் குறைத்தது. மிச்ச அரை 2006 ஏப்ரலில்தான் போனது. அவ்வளவு வருடமும் என் அம்மா "புது நேரம் எட்டரை, பழைய நேரம் எட்டு" என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். பத்து நிமிடம் தள்ளி வைத்தால் பிள்ளையும் இரண்டே நாளில் கழிக்கப் பழகிவிடும். செயலிகளும் எனக்குப் பிடிக்காது. நேரம் பார்க்கப் போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பில்தான் போய் நிற்பார்கள். கதவுக்குப் பக்கத்தில் முள் வைத்த மலிவான சுவர் மணிக்கூடு ஒன்று போதும்.

படி 5: நீங்கள் எழுப்புவதை நிறுத்துங்கள்

இந்த வயதில் உடம்புக்கு நித்திரை வருவதே பிந்தித்தான், சோம்பல் என்று ஏசிப் பயனில்லை. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணித்தியாலம் தேவை. ஆகவே 10.30க்குள் போன் அறைக்கு வெளியே.

ஒரு நாள் அலாரம் அடித்து ஓய்ந்தது. நான் குசினியில் தோசைக் கரண்டியோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். 7.10 ஆனது, 7.20 ஆனது. 7.25க்கு எழும்பி, சாப்பிடாமல் ஓடினான். பிந்தப்போகிறேன் என்று கடைக்கு அவனே போன் எடுத்துச் சொன்னானாம். அடுத்த நாள் 6.50க்கு குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

பின்சேர்க்கை: போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் என்ன செய்வது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். நான் மறந்தே போனேன். கடை திறந்திருக்கும், ஆனால் அலுவலகக் கோச்சிகள் ஓடாது. ஞாயிறும் அப்படித்தான். அந்த நாட்களுக்கு வேறு தாள் ஒட்டியிருக்கிறோம், அதில் 7.20. மழை நாளுக்கும் அதே தாள்தான். குடை மட்டும் இன்னும் நான்தான் ஞாபகப்படுத்துகிறேன்.