தலைமைச் செயல் அதிகாரியைத் தேர்ந்தெடுக்கையில் ஆண், பெண் வேறுபாட்டை எடைபோடும் முறை

நியமனக் குழுவில் அமர்வோர், விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே, அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பதவியில் என்ன நடந்தாக வேண்டும் என்பதை, கடனைக் குறைப்பதோ புதிய ஆலை தொடங்குவதோ எதுவாயினும், எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆளைப் பார்த்த பின் எழுதும் அளவுகோல் அந்த ஆளுக்கேற்ப வளைந்துவிடும் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

"பெண்கள் அரவணைத்துப் போவார்கள், ஆண்கள் வேலையை முடிப்பார்கள்" என்ற பேச்சு குழுவில் எழுந்தால், உளவியலாளர்கள் ஆலிஸ் ஈக்லியும் பிளேர் ஜான்சனும் 1990இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டதை எடுத்துச் சொல்லுங்கள். பிறரைக் கலந்து முடிவெடுப்பதில் பெண்கள் சற்று முன்னே நின்றார்கள். ஆனால் நிறுவனங்களில் பணியிலிருந்த மேலாளர்களிடையே, ஆண் வேலையிலும் பெண் உறவிலும் கருத்தூன்றுவார் என்ற வேறுபாடு தென்படவில்லை. 2014இல் வெளிவந்த, 95 ஆய்வுகளின் தொகுப்பும் தலைமைச் செயல்திறனில் ஆண், பெண் இடையே ஒட்டுமொத்த வேறுபாட்டைக் காணவில்லை. தம்மைத் தாமே மதிப்பிட்டபோது ஆண்களும், பிறர் மதிப்பிட்டபோது பெண்களும் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர். ஆகவே நேர்காணலில் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதற்குக் குறைவான மதிப்பெண்ணும், அவரிடம் பணியாற்றியவர்கள் சொல்வதற்குக் கூடுதல் மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள்.

கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். குழந்தைகளை யார் கவனித்துக்கொள்வார் என்று பெண்ணிடம் மட்டும் கேட்பது நியாயமற்றது. அதை அடியோடு நீக்கிவிடுங்கள். குறிப்பேட்டில் ஓர் ஆணை "உறுதியானவர்" என்றும், அதே செயலுக்காக ஒரு பெண்ணைப் "பிடிவாதக்காரர்" என்றும் எழுதியிருந்தால், பெயர்களை மாற்றி வைத்து மறுபடி படித்துத் திருத்துங்கள்.

பழைய சாதனைகளைப் பார்க்கும்போது, பொறுப்பேற்ற நாளில் அந்த நிறுவனம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் பாருங்கள். உளவியலாளர்கள் மிஷெல் ரையனும் அலெக்சாண்டர் ஹஸ்லமும் 2005இல் பிரிட்டன் நிறுவனங்களை ஆராய்ந்து, சரிவைச் சந்தித்துவந்த இடங்களில் பெண்கள் இயக்குநர்களாக அமர்த்தப்படும் போக்கைச் சுட்டிக்காட்டினர். மேரி பாரா 2014 ஜனவரியில் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையை ஏற்ற அடுத்த மாதமே, பல்லாண்டுகளாக இருந்துவந்த இக்னிஷன் சுவிட்ச் (காரின் எஞ்சினை இயக்கும் சாவி விசை) குறைபாட்டுக்காக அந்நிறுவனம் கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது; அந்தக் குறைபாட்டை அவருடைய ஆட்சிக்காலக் கணக்கில் எழுதினால் மதிப்பீடே பிழையாகிவிடும்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணேனும் இருக்க வேண்டும் என்கிறது. அன்றாட நிர்வாகத் தலைமையில் பெண் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எனவே தகுதியுள்ள பெண் விண்ணப்பதாரர்கள் கிடைக்கவில்லை என்று முடிவு கட்டுமுன், உங்கள் நிறுவனத்தில் லாப நட்டப் பொறுப்புள்ள உற்பத்தி, விற்பனைப் பிரிவுகளைக் கடந்த பத்தாண்டுகளில் எத்தனை பெண்களிடம் ஒப்படைத்தீர்கள் என்று பணியாளர் பதிவேட்டிலிருந்து எண்ணிப் பாருங்கள்.