கும்பகோணத்துக்கு மின்காரில் போகிறீர்களா? மேப்பில் தெரியும் சார்ஜரை மட்டும் நம்ப வேண்டாம்

பெரிய நகரத்தில் ஒரு சார்ஜர் படுத்துவிட்டால் மாற்று சுலபமாகக் கிடைக்கும். கும்பகோணம் அளவு ஊரில் நம்பி இறங்கக்கூடிய மாற்று தஞ்சாவூர்தான். சுமார் 40 கி.மீ. கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள். யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும் காருக்கு அந்தத் தூரம் கிட்டத்தட்ட 6 யூனிட், அதாவது 24 யூனிட் பேட்டரியில் கால் பங்கு. ஏசி, நெரிசல், கோயில் சுற்று எல்லாம் சேர்த்து, ஊருக்குள் நுழையும்போது 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பிளக்‌ஷேர் போன்ற ஆப்பில் சிசிஎஸ்2 (இன்றைய கார்களின் வேக சார்ஜிங் இணைப்பு வகை) என்று வடிகட்டிப் பாருங்கள். 15 கிலோவாட் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பழைய ஜிபி/டி வகைக் கன் (காரில் செருகும் சார்ஜர் முனை). இன்றைய கார்களில் நுழையாது. நட்சத்திர மதிப்பெண் எதற்கும் உதவாது. கடைசியாக யார், என்று, எந்தக் காரில் ஏற்றினார்கள் என்பதைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு பதிவும் இல்லையென்றால் அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கார் ஷோரூம் வளாகத்தில் இருப்பவை இரவிலும் ஞாயிறன்றும் பூட்டிய கேட்டுக்குள் இருக்கலாம். போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். சார்ஜர் நிறுவனத்தின் ஆப், ஓடிபி, வாலட் பணம் மூன்றையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். சிக்னல் இல்லாத பங்க் மூலையில் நின்று பதிவு செய்வது பெரிய தலைவலி. யூனிட் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும்.

இடத்துக்குப் போனதும் சார்ஜர் 'ஃபால்ட்' காட்டினால் உடனே திரும்பிவிடாதீர்கள். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை யாராவது அழுத்திவிட்டுப் போயிருக்கலாம். அம்புக்குறித் திசையில் திருகினால் வெளியே வரும். கரண்ட் போய் வந்திருந்தால் இயந்திரம் எழச் சில நிமிடம் ஆகும். ஆப்பில் முன்பு தொடங்கிய சார்ஜிங் முடிந்திருக்கும். ஆப்பில் புதிதாகத் தொடங்க வேண்டும். இரட்டைக் கன் உள்ள 60 கிலோவாட் சார்ஜரில் இன்னொரு கார் நின்றால் ஆளுக்கு 30 என்று பிரியலாம். சிறு பேட்டரிக் கார்களுக்கு அதுவே போதும். 80 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் விழும். முகூர்த்த நாளில் பின்னால் கார் காத்திருந்தால் அதோடு கிளம்புவதுதான் மரியாதை.

இரவு தங்குகிறீர்கள் என்றால் இத்தனை ஓட்டமும் வேண்டாம். லாட்ஜ் அறை பதிவு செய்யும்போதே, கார் நிறுத்துமிடத்தில் ஏசிக்குப் போடுவது போன்ற 16 ஆம்ப் பிளக் இருக்கிறதா, எர்த் உண்டா என்று கேளுங்கள். 3.3 கிலோவாட் வீதம், இழப்பு போக, அந்த 24 யூனிட் பேட்டரி 35 சதவீதத்திலிருந்து முழுதாக நிரம்ப ஐந்தரை மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குச் செருகினால் விடியுமுன் முடிந்துவிடும். காருடன் வந்த கேபிளில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. வேறு பிளக்கைப் பாருங்கள். எர்த்தை ஏமாற்றும் குறுக்குவழி எதுவும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. மெல்லிய வயர் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடாது: 14 ஆம்ப் மணிக்கணக்கில் ஓடினால் உருகும். அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் கரண்ட்டைக் குறையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

முடிந்த பின் கன் கழலவில்லையா? இழுக்காதீர்கள். ஆப்பில் நிறுத்தி, காரைச் சாவியால் ஒருமுறை பூட்டித் திறந்து, பிறகு எடுங்கள்.