ஹைவேயில் ஹைபிரிட் கார்: மைலேஜ் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் 60 கிலோமீட்டர் ஹைவேயில் வேலைக்குப் போய், மாலையில் அதே 60 கிலோமீட்டர் திரும்புகிற ஒருவர் ஹைபிரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் உள்ள கார்) வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொன்ன மைலேஜ் வரவில்லை. வண்டி புதுசு, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று முதல் மாதம் பொறுத்துக்கொள்கிறார். மூன்றாவது மாதம் சர்வீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டினால், வண்டியில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மைதான். ஹைபிரிட் எங்கே மிச்சம் பிடிக்கிறது, எங்கே பிடிக்க முடியாது என்பதை வாங்குவதற்கு முன்பே யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ஊருக்குள் ஓடும் பெட்ரோல் கார் இரண்டு வழியில் எரிபொருளை வீணாக்குகிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுகிறது. பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், வேகம் எடுக்கச் செலவழித்த ஆற்றல் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போகிறது. ஹைபிரிட் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கிறது. நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியில் மின்சாரம் சேர்க்கும். ஆனால் ஹைவேயில் சிக்னலும் இல்லை, அடிக்கடி பிரேக்கும் இல்லை. மீட்டு எடுக்க அங்கே அதிகம் ஒன்றும் கிடையாது.

எவ்வளவு குறைவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 0.16 யூனிட் (மின்சாரக் கணக்கில் சொல்கிற அதே கிலோவாட்-மணி யூனிட்தான்). அதே வேகத்தில் சமதளச் சாலையில் 100 கிலோமீட்டர் போக, எதிர்க்காற்றையும் டயர் உராய்வையும் வெல்லவே சக்கரங்களுக்கு ஏறக்குறைய 12 யூனிட் தேவை. வழியில் மூன்று தடவை முழுசாக நிறுத்தி, ஒரு துளிகூட இழக்காமல் அந்த ஆற்றலை மீட்டாலும், திரும்பக் கிடைப்பது அரை யூனிட். மிச்சமுள்ள பதினொன்றரை யூனிட்டையும் பெட்ரோல்தான் கொடுத்தாக வேண்டும்.

ஊர் மைலேஜ் எண்ணை ஹைவேக்குப் போடுவது

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 டொயோட்டா கொரோலாவின் எல்.இ. மாடலுக்குக் கொடுத்த எண்களைப் பாருங்கள். சாதாரண பெட்ரோல் வண்டி ஊருக்குள் காலனுக்கு 32 மைல், ஹைவேயில் 41 மைல். முன்சக்கர இயக்க ஹைபிரிட் ஊருக்குள் 53, ஹைவேயில் 46. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றினால் படம் தெளிவாகும். ஊருக்குள் 7.4 லிட்டர் குடிக்கிற இடத்தில் ஹைபிரிட் 4.4 லிட்டர் குடிக்கிறது. மிச்சம் கிட்டத்தட்ட 3 லிட்டர். ஹைவேயில் 5.7 லிட்டருக்குப் பதில் 5.1 லிட்டர், மிச்சம் வெறும் 0.6 லிட்டர். ஊரையும் ஹைவேயையும் கலந்து போட்ட சராசரி எண்ணை வைத்து, முழுக்க ஹைவேயிலேயே ஓடுகிறவர் கணக்குப் போட்டால் ஏமாற்றம் நிச்சயம்.

சோதனை எந்த வேகத்தில் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அடிப்படை ஹைவே சோதனையில் சராசரி வேகம் மணிக்கு சுமார் 78 கிலோமீட்டர்தான். அது போதாது என்று 2008 மாடல்களிலிருந்து அதிவேகம், ஏசி, குளிர் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் கணக்கில் சேர்த்தார்கள். ஐரோப்பாவின் பழைய சோதனை 120 கிலோமீட்டர் வேகத்தைச் சில விநாடிகள் மட்டுமே தொட்டது. இப்போது அங்கே இருக்கும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 131 வரை போகிறது, ஆனால் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் அதன் சராசரி 46.5 கிலோமீட்டர். இந்தியச் சோதனையில் வெகுகாலம் 90 கிலோமீட்டர்தான் உச்சம். ஆக ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு ஒப்பிடுவதே தவறு. எந்த நாட்டு எண்ணாக இருந்தாலும், தினமும் 110, 120 என்று ஓடுகிறவருக்கு அது அப்படியே பொருந்தாது.

இதைப் படித்துவிட்டு "ஹைவேக்கு ஹைபிரிட் வீண்" என்று முடிவு கட்டுவதும் தவறுதான். இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முழு ஹைபிரிட் வண்டிகளில் (மோட்டார் மட்டுமே தனியாக வண்டியை ஓட்டக்கூடியவை) பெரும்பாலும் இருப்பது அட்கின்சன் முறையில் இயங்கும் இன்ஜின். உள்ளிழுக்கும் வால்வை தாமதமாக மூடுவதால், அழுத்தப்படுவதைவிட அதிகமாக வாயு விரிந்து வேலை செய்கிறது. எரிபொருளின் வெப்பத்தில் கூடுதல் பங்கு வேலையாக மாறுகிறது. 2016 மாடல் பிரியஸ் இன்ஜினின் வெப்பத் திறன் 40 சதவீதம், அதற்குப் பின் வந்த கேம்ரி ஹைபிரிடின் 2.5 லிட்டர் இன்ஜினுடையது 41 சதவீதம் என்று டொயோட்டா அறிவித்தது. இப்படிப்பட்ட இன்ஜின் தனியாக இருந்தால் இழுவை குறைவாக இருக்கும். அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது. இந்த ஆதாயத்துக்கு பிரேக்கோ சிக்னலோ தேவையில்லை. ஹைவேயில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிடைக்கும். 2023 கேம்ரி ஹைபிரிட் எல்.இ. ஊருக்குள் 51, ஹைவேயில் 53 மைல் என்று மதிப்பிடப்பட்டது இதனால்தான். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் உடலமைப்பும் கை கொடுக்கிறது.

இன்னொன்று, நீண்ட தூரம் வேலைக்குப் போகிறவரின் பாதை முழுவதும் ஹைவேயாக இருப்பது அபூர்வம். இரண்டு முனைகளிலும் நெரிசல் இருக்கும். 60 கிலோமீட்டரில் 12 கிலோமீட்டர் ஊர்ந்து போகிற பாதையா, அல்லது வீட்டு வாசலிலிருந்தே திறந்த சாலையா என்பதைப் பொறுத்து கணக்கு அடியோடு மாறும். அந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எல்லாம் ஒரே ஹைபிரிட் என்று நினைப்பது

பின்கதவில் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. 48 வோல்ட் மைல்டு ஹைபிரிடில் இருப்பது இன்ஜினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டார். ஹைவே மைலேஜில் அதனால் பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது. டொயோட்டாவின் முறையில் இன்ஜினின் சக்தி கிரக கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறிய பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) வழியாக இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு நேராகச் சக்கரத்துக்கும் ஒரு பங்கு மின்சாரமாக மாறியும் போகிறது. ஹோண்டாவின் முறையில் குறைந்த வேகத்தில் மோட்டார்தான் வண்டியை ஓட்டும். ஹைவே வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினைச் சக்கரத்தோடு நேரடியாகக் கோத்துவிடும். நிசானின் இ-பவரில் வழக்கமாக இன்ஜின் மின்சாரம் தயாரிப்பதோடு சரி, சக்கரத்தை எப்போதும் மோட்டார்தான் சுழற்றுகிறது. இயக்கத்தை மின்சாரமாக்கி மறுபடி இயக்கமாக்கும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. ஒரே சீரான அதிவேகத்தில் அந்த இழப்பு மைலேஜில் தெரியும். ஊருக்குள் இதே முறை அருமையாக வேலை செய்யும். ஹைவே நேரம் அதிகம் உள்ளவர் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேகத்தைக் கணக்கில் எடுக்காதது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 100இலிருந்து 120க்குப் போனால் வேகம் 20 சதவீதம் கூடுகிறது, தடை 44 சதவீதம் கூடுகிறது. அதற்குக் கிடைக்கும் பலன் என்ன? 60 கிலோமீட்டர் தூரத்தை 36 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடத்தில் கடக்கலாம், அதுவும் வழியில் ஒரு தடங்கலும் இல்லாவிட்டால். முன்னே ஒரு லாரி வலது பக்கம் ஏறினால் அந்த ஆறு நிமிடமும் போச்சு.

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவருக்கு ஹைபிரிடில் இந்த மைலேஜ் சரிவு இன்னும் உறுத்தலாகத் தெரியும். ஊருக்குள் அவ்வளவு நன்றாக மைலேஜ் கொடுத்த வண்டி 120இல் சட்டென்று இறங்கினால் ஏதோ கோளாறு என்று தோன்றும். கோளாறு இல்லை. நிறுத்தி ஓட்டும் இழப்பை ஹைபிரிட் தடுத்துவிட்டது, காற்றை எந்தத் தொழில்நுட்பமும் தடுக்க முடியாது. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வீசினால், நீங்கள் 100இல் போனாலும் வண்டிக்கு அது 120 வேகத்துக் காற்றுதான். காலையில் வந்த மைலேஜ் மாலையில் வராததற்குப் பல நாட்களில் இதுவே காரணம்.

வேகத்தைக் குறைக்கச் சொல்வதால், மற்ற வண்டிகள் 100இல் போகும் சாலையில் 60இல் ஊர்ந்து எல்லோருக்கும் ஆபத்தை உண்டாக்க வேண்டாம். ஓட்டத்தோடு ஒட்டி, அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள், ஒரே சீராகப் போனால் போதும்.

கூரையில் பெட்டி கட்டுவதும் இதே வகைதான். பெரிய கூரைப்பெட்டி ஹைவே ஓட்டத்தில் 6 முதல் 17 சதவீதம் வரையும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரையும் மைலேஜைக் குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. விடுமுறைப் பயணம் முடிந்த பிறகும் அதைக் கழற்றாமல் மாதக்கணக்கில் வேலைக்குப் போய்வருகிறவர், ஹைபிரிட் கொடுத்த ஹைவே ஆதாயம் முழுவதையும் அந்தப் பெட்டிக்கே கொடுத்துவிடக்கூடும்.

பச்சை விளக்கைத் துரத்துவது

இன்ஜின் அணைந்து மின்சாரத்தில் ஓடும்போது டேஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு எரியும். அது எரிந்துகொண்டே இருந்தால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பிளக்கில் போட்டுச் சார்ஜ் செய்யாத ஹைபிரிடின் பேட்டரி பொதுவாக ஒன்று, ஒன்றரை யூனிட் அளவுதான். அதிலும் முழுவதையும் பயன்படுத்த விடாது. ஹைவேயில் அந்த மின்சாரம் பெரும்பாலும் இன்ஜின் தயாரித்தது. ஆக்சிலரேட்டரில் காலை மெதுவாக வைத்துக்கொண்டு அதைக் காலி செய்தால், அடுத்த சில கிலோமீட்டர்களில் இன்ஜின் கூடுதலாக எரித்து நிரப்பும். போகவும் வரவும் இரண்டு தடவை இழப்பு. எப்போது இன்ஜின், எப்போது மோட்டார் என்பதை வண்டியின் கணினியிடம் விட்டுவிடுங்கள்.

இதே ஆசையில் இறக்கத்தில் நியூட்ரலில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். டொயோட்டா போன்ற ஹைபிரிடுகளில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது, அதோடு வண்டி கட்டுப்பாடும் குறையும். தயவுசெய்து செய்யாதீர்கள். கியரில் "பி" (B, பார்க்கிங்குக்கான P அல்ல) என்று ஒரு நிலை இருக்கும். அதில் போட்டால் பேட்டரி அதிகம் சேரும் என்று எல்லா நேரமும் அதிலேயே ஓட்டுவதும் தவறு. அது நீண்ட மலை இறக்கத்தில் இன்ஜின் தடையைப் பயன்படுத்தி பிரேக்கைக் காப்பாற்ற வைத்தது. சாதாரண "டி" நிலையிலேயே பிரேக்கை மெல்ல மிதித்தால் ஆற்றல் மீண்டும் சேரும்.

பிளக்-இன் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டில் சார்ஜ் போட்ட மின்சாரத்தை ஹைவேயின் முதல் 40 கிலோமீட்டரிலேயே தீர்த்துவிட்டு, ஊர் நெரிசலுக்குள் நுழையும்போது காலி பேட்டரியோடு நிற்பது வீணான பழக்கம். சார்ஜைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் ஹைவேயில் அதைப் போட்டுவிட்டு, மின்சாரத்தை நெரிசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போதே இன்ஜினைக் கொண்டு பேட்டரியை நிரப்பும் மோடு வேறு. அதில் பெட்ரோல்தான் எரிகிறது.

பராமரிப்பில் நழுவும் இடங்கள்

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓடி வந்தபின் அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் குறைவான காற்றோடு கிளம்புவீர்கள். டயர் மாற்றும்போது, வண்டியோடு வந்த குறைந்த உருளல் தடையுள்ள டயருக்குப் பதில் அகலமான டயர் போட்டுவிட்டு மைலேஜைத் தேடுகிறவர்களும் உண்டு. இன்ஜின் ஆயிலும் அப்படித்தான்: கையேட்டில் மெல்லிய ஆயில் சொல்லியிருந்தால் அதையே ஊற்ற வேண்டும். தடித்த ஆயில் நல்லது என்ற பழைய நம்பிக்கை இங்கே உதவாது.

பலருக்கும் தெரியாத ஒன்று: பல ஹைபிரிடுகளில் பின்சீட்டுப் பக்கத்தில் பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதன் மேல் பை, துணி என்று வைத்து மூடினாலோ, வடிகட்டியில் தூசி அடைத்தாலோ பேட்டரி சூடாகி, கணினி அதன் உபயோகத்தைக் குறைத்துவிடும்.

மைலேஜை அளக்கும் முறை

டேஷ்போர்டு காட்டும் எண் பல வண்டிகளில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஃபுல் டேங்க் போட்டு, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த ஃபுல் டேங்கில் ஊற்றிய லிட்டரால் தூரத்தை வகுப்பதுதான் நம்பத்தக்க வழி. பம்ப் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், ஆகவே ஒரு டேங்கை வைத்து முடிவு சொல்லக் கூடாது. நான்கைந்து டேங்கின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள்.

மொத்தத்தை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போகும்போது 50 கிலோமீட்டர் லிட்டருக்கு 25, திரும்பும்போது 50 கிலோமீட்டர் லிட்டருக்கு 15 என்றால் சராசரி 20 என்று எழுதிவிடுவோம். செலவானது 2 லிட்டரும் 3.33 லிட்டரும்; 100 கிலோமீட்டரை 5.33ஆல் வகுத்தால் 18.75தான் வரும். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். எத்தனாலில் அதே அளவு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் 10 சதவீதக் கலப்பிலேயே மைலேஜ் சுமார் 3 சதவீதம் இறங்கும். குளிர் காலத்தில் இன்ஜின் சூடாக நேரம் எடுக்கும், உள்ளே ஹீட்டர் போட்டால் அதற்காகவும் இன்ஜின் ஓடும். எனவே போன வருடம் இதே மாதத்தில் எழுதி வைத்த எண்ணோடு இந்த மாதத்து எண்ணை வைத்துப் பாருங்கள். அதிலும் தெளிவான சரிவு தெரிந்தால், அந்தக் குறிப்பையே எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போகலாம்.