ஜாஸும் செவ்வியலும் அடுத்தடுத்து: வானொலி வரிசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் 1958 டிசம்பரில் பதிவுசெய்த ‘பீஸ் பீஸ்’ என்ற பியானோத் தனியிசையையும், ஷோப்பன் 1844இல் எழுதிய ‘பெர்ஸூஸ்’ என்ற தாலாட்டையும் அடுத்தடுத்து ஒலிபரப்ப வேண்டும் என்ற ஆசை, ஜாஸையும் மேற்கத்திய செவ்வியல் இசையையும் ஒரே நிகழ்ச்சியில் சேர்க்க முனையும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருநாள் வந்துவிடுகிறது. இரண்டிலும் இடக்கை ஒரே சிறு உருவைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, வலக்கை அதன்மேல் மெல்லப் பின்னல் வேலை செய்கிறது. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. ஆனால் எவன்ஸ் வாசிப்பது சி மேஜரில், அதாவது ‘சி’ சுரத்தை ஆதாரமாகக் கொண்டு. ஷோப்பனுடையது டி ஃப்ளாட் மேஜரில். ஆறரை நிமிடத்துக்கு மேல் ஒரே ஆதாரத்தில் ஊறிய காது, மறுகணமே அரைச் சுரம் மேலே இழுக்கப்படும்போது, இரண்டு கலைஞர்களுக்கும் உள்ள உறவை உணர்வதில்லை. யாரோ இசைத்தட்டின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறது.

மற்ற பெரும்பாலான தவறுகளின் வேரும் இந்த ஒன்றிலேயே தெரிகிறது. வரிசையை அமைப்பவர், இசையமைப்பாளரின் பெயர், காலம், தலைப்பு, யாருக்கு யார் ஆசிரியர் என்பன போன்ற தகவல்களை வைத்துக் கோர்க்கிறார். கேட்பவருக்கோ முந்தைய துண்டின் கடைசி அரை நிமிடமும் அடுத்ததன் முதல் அரை நிமிடமும் மட்டுமே அந்த இடத்தில் வந்து சேர்கின்றன. கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள் இதில் சறுக்குவதற்குத் தனிக் காரணமும் உண்டு. மத்தியம சுருதிக்கு மாறும் சில உருப்படிகளை விட்டுவிட்டால், நம் மேடையில் தம்புரா கச்சேரி முழுவதும் ஒரே சுருதியை மீட்டிக்கொண்டிருப்பதால், அடுத்து எந்த ராகம் என்ற யோசனை வருகிறதே தவிர, எந்தச் சுருதி என்ற கேள்வியே எழுவதில்லை.

அப்படியானால் அட்டையில் அச்சிட்டிருக்கும் ‘டி மைனர்’, ‘ஜி மேஜர்’ என்ற குறிப்புகளைப் பார்த்துப் பொருத்தினால் போதும் என்று நினைப்பது அடுத்த பொறி. பாஹின் டி மைனர் ஹார்ப்சிகார்ட் கான்செர்ட்டோவுக்கு (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பின், டி சுரத்தில் நிலைகொண்ட மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’ வருவது கணக்குப்படி சரிதான். ஆனால் பழைய கால வாத்தியங்களில் பாஹை வாசிக்கும் குழுக்கள் பலவும் ‘ஏ’ சுரத்தை இன்றைய 440 ஹெர்ட்ஸில் வைக்காமல் 415 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. அரைச் சுரம் இறங்கிவிடுவதால், அவர்களுடைய டி மைனர் இன்றைய காதுக்கு சி ஷார்ப் மைனராகவே கேட்கும். மறுபக்கம், ‘சோ வாட்’ இடம்பெற்ற ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் பக்கம், 1959 மார்ச் 2 அன்று நடந்த பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பல ஆண்டுகள் விற்பனையான தட்டுகளில் உண்மையான சுருதியைவிடக் கொஞ்சம் ஏறியே ஒலித்தது. 1990களின் மறுவெளியீடுகளில்தான் அது திருத்தப்பட்டது. ஒன்று இறங்கியும் மற்றொன்று ஏறியும் நிற்க, காகிதத்தில் ஒன்றாக இருந்த இரண்டு ‘டி’களுக்கும் நடுவில் அரைச் சுரத்தைத் தாண்டிய பள்ளம் விழுந்துவிடுகிறது. கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து, ஒலிபரப்பப் போகும் அதே பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் அளந்து குறித்துக்கொள்வது ஒன்றே இதற்கு வழி. எல்லா இணைப்பிலும் சுருதி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஷட்ஜ பஞ்சம உறவில் அமைந்த இரண்டு துண்டுகள் தாமாகவே கைகோர்த்துக்கொள்ளும். ஒதுக்க வேண்டியது அரைச் சுர இடைவெளியைத்தான், அதிலும் இரண்டுமே மெதுவான, ஒரே வாத்தியத்தில் அமைந்த துண்டுகளாக இருக்கும்போது.

ஒலியளவில் நேரும் தவறுகள் இதைவிடப் பொதுவானவை. ராவெலின் ‘பொலேரோ’ கேட்கக் கேட்க வளர்வதற்காகவே, ஒரு சிறு முரசின் மிக மெல்லிய தட்டலில் தொடங்குகிறது. அதை ஒரு பெரிய ஜாஸ் இசைக்குழு உச்சத்தில் முடித்த இடத்தில் ஒட்டினால், காரில் கேட்பவர் நிலையம் நின்றுவிட்டதோ என்று ஒலியைக் கூட்டுவார். கால் மணி நேரம் கழித்து அதே ‘பொலேரோ’ அவர் காதைப் பிளக்கும். பண்பலை நிலையங்களில் ஒலியை நெருக்கிச் சமன்செய்யும் கருவி இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்பார்கள். அது மெல்லிய தொடக்கத்தை மேலே தூக்கும்போது அரங்கின் இரைச்சலையும், வயலின்காரர் மூச்சுவிடும் ஓசையையும் சேர்த்தே தூக்குகிறது. அதே ராவெலின் ஜி மேஜர் பியானோ கான்செர்ட்டோ இதற்கு நேர் எதிர்: முதல் ஒலியே ஒரு சாட்டையடி. அமைதியில் கரைந்துபோகும் ‘பாலட்’ என்ற மெதுவான ஜாஸ் துண்டு ஒன்றுக்குப் பின் அந்தச் சாட்டையைச் சொடுக்குவது முரண் அழகு என்று சிலர் வாதிடுவதுண்டு. இரவு பத்தரை மணிக்குப் பாதித் தூக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பவரிடம் அந்த வாதம் எடுபடாது. மெல்லிய தொடக்கம் உள்ள துண்டுக்கு முன்னாலும், திடுக்கிடும் தொடக்கம் உள்ள துண்டுக்கு முன்னாலும் அறிவிப்பாளரின் குரலை வைத்துவிடுவது எளிய தீர்வு. நிதானமான பேச்சு, காது தன் அளவைத் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கிறது.

மௌனத்தை வெற்றிடம் என்று எடுத்துக்கொள்வதால் விளையும் சேதத்தை நான் நேரடியாகவே செய்திருக்கிறேன். ஹைடனின் ‘ஜோக்’ என்று பெயர்பெற்ற நால்வாத்திய இசை (அவருடைய ‘ஓபஸ் 33’ தொகுப்பில் இரண்டாவது) முடிவது போல் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்று, நீண்ட ஓய்வுக்குப் பிறகு முதல் சொற்றொடரை மட்டும் மெல்லிய ஒலியில் சொல்லிவிட்டு அப்படியே நழுவிவிடும். அந்த நீண்ட ஓய்வில் நான் ஒலிவாங்கியைத் திறந்து “இதுவரை நீங்கள் கேட்டது” என்று ஆரம்பித்தேன். என் குரலுக்கு அடியிலிருந்து ஹைடன் மீண்டும் வந்தார். ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் வைத்த கண்ணியில் சரியாகக் கால் வைத்தேன் என்பதில் ஒரு பெருமையும் உண்டு. சிபேலியஸின் ஐந்தாம் சிம்பொனியின் முடிவு இன்னும் ஆபத்தானது: ஆறு தனித்தனி முழக்கங்கள், அவற்றுக்கிடையே முழு மௌனம், மூன்றாவதிலேயே அவசரக்காரர் பேசத் தொடங்கிவிடுவார்.

இயந்திரமும் இதே தவறைச் செய்யும் என்பதைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. குறிப்பிட்ட சில விநாடிகளுக்கு ஒலி வராவிட்டால் ஒலிபரப்பு அறுந்துவிட்டதாகக் கருதி, அவசரத்துக்கு வைத்திருக்கும் இசைக்குத் தானாகவே மாறிவிடும் கருவி பல நிலையங்களில் இருக்கிறது. மாலரின் ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பக்கத்தில் தந்தி வாத்தியங்கள் மறைந்துகொண்டே போகும்; ‘உயிர் அடங்குவதுபோல்’ என்ற பொருளில் அவரே அங்கே குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு சிறு நிலையத்தில் அந்த இடத்தைக் கருவி பொறுத்துக்கொள்ளாமல், துள்ளலான ஒரு நிலைய முகப்பிசையைப் போட்டதை நான் கேட்டிருக்கிறேன். இத்தகைய துண்டைப் போடும் நாளில், பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்லி அந்தக் கால அளவை நீட்டிவைக்கச் சொல்வது அவசியம். துண்டு முடிந்தபின் எத்தனை விநாடி காத்திருப்பது என்பதற்கும் ஒரே அளவு இல்லை: பெபாப் என்ற விரைவான ஜாஸ் பாணித் துண்டு முடிந்தால் ஒரு விநாடி தாராளம், மாலருக்கு ஆறேழு விநாடி விட்டாலும் குறைவாகவே தோன்றும்.

அறை மாறுவதும் காதில் விழும். 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் பில் எவன்ஸ் மூவர் குழு வாசித்த பதிவுகளில், கண்ணாடிக் கோப்பைகள் உரசும் ஓசையும் மேசைப் பேச்சின் முணுமுணுப்பும் இசையோடு கலந்தே இருக்கின்றன. அவை அந்தப் பதிவின் உயிர் என்றே நான் கருதுகிறேன். அதை வெட்டிவிட்டு, ஒலித்தடுப்புள்ள கூடத்தில் பதிவான ஷூபெர்ட்டை உடனே ஒட்டினால், ஷூபெர்ட் பஞ்சுக்குள் வாசிப்பதுபோல் கேட்கும். கைதட்டல் முழுதாக அடங்கும்வரை பொறுத்து, அதன் வாலைப் படிப்படியாக இறக்கிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். கரகரக்கும் பழைய 78 சுழல் தட்டுப் பதிவு அடுத்து வருவதானால் மேலும் கவனம் வேண்டும். பளிச்சென்ற புதிய பதிவுக்குப் பின் வந்தால் அது பழுது போலவும், ஒரு சொல் அறிமுகத்துக்குப் பின் வந்தால் அதே கரகரப்பு அந்தக் காலத்தின் மணம் போலவும் கேட்கிறது.

செவ்வியல் படைப்புகளிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் போடுவதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் வேறு வழியும் இல்லை. தவறு, தட்டில் தடம் பிரிந்திருப்பதைப் பார்த்து இசையும் அங்கே பிரிகிறது என்று நம்புவது. மெண்டல்சோனின் இ மைனர் வயலின் கான்செர்ட்டோவில் முதல் பகுதி முடிந்து எல்லா வாத்தியங்களும் ஓய்ந்தபின், ஒரே ஒரு பாஸூன் (தாழ்ந்த குரலுள்ள ஊதுவாத்தியம்) மட்டும் ‘பி’ சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு அது அரைச் சுரம் ஏறி ‘சி’க்கு வரும்போது இரண்டாம் பகுதியின் வாசல் திறக்கும். அங்கே தடத்தை நிறுத்தினால் பாஸூன்காரர் அந்தரத்தில் தொங்குவார். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் இப்படித்தான் ஒட்டியிருக்கின்றன. ஜாஸிலும் இது உண்டு: ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்தில், மூன்றாம் பகுதியின் இறுதியில் ஜிம்மி காரிசன் தனியாக வாசிக்கும் பாஸ் நான்காம் பகுதிக்குள் கொண்டுபோய் விடுகிறது, அதைத் துண்டிப்பவருக்கு இரண்டு பகுதிகளுமே நஷ்டம்.

சொல்லில் மட்டும் இருக்கும் பொருத்தத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் படித்தவர்கள்தாம் இதில் அதிகம் விழுகிறார்கள். டேவ் புரூபெக்கின் ‘ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்’ என்ற தலைப்பைப் பார்த்ததும், மோட்சார்ட்டின் ‘துருக்கிய ரோண்டோ’வை முன்னால் வைக்கத் தோன்றும். ஆனால் புரூபெக்கின் தாளம், இஸ்தான்புல் தெருக்கலைஞர்களிடம் அவர் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம். இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று உடைந்து ஓடுவது. மோட்சார்ட்டின் நேர்நடைக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு குறைவு. கேட்பவர் சிலேடையைப் புரிந்துகொள்வாரே ஒழிய, இசையில் எதையும் தொடர்ந்து பிடிக்கமாட்டார். அதே புரூபெக்கிடமிருந்து இன்னொரு கதவு திறக்கிறது. கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் தாரியுஸ் மியோ. மியோ 1923இல் எழுதிய ‘உலகின் படைப்பு’ என்ற பாலே இசையில், வழக்கமாக வியோலா இருக்க வேண்டிய இடத்தில் ஆல்ட்டோ சாக்ஸபோன் இருக்கிறது. தொடக்கத்திலேயே அது அமைதியாக முன்வந்து பாடுகிறது. புரூபெக் குழுவில் பால் டெஸ்மண்டின் ஆல்ட்டோ முன்னிற்கும் ஒரு மெதுவான துண்டுக்குப் பின் இதை வைத்துப் பாருங்கள். ஆசிரியர், மாணவர் என்ற செய்தி தெரியாதவருக்கும் அந்த ஆல்ட்டோவின் நிறம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவது கேட்டுவிடும். பாரிஸில் 1971இல் தொடங்கிய ஃபிப் வானொலி, ஜாஸ், செவ்வியல், பாடல் என்று வகை பாராமல் கலந்தும் கேட்பவர்களைத் தக்கவைத்துக்கொண்டிருப்பதற்கு, இத்தகைய இணைப்புகளுக்கு விளக்கம் சொல்லாமல் காதிடம் விட்டுவிடுவதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அறிவிப்பில், இரண்டு இசைகளுக்கும் ஒரே படிவத்தைப் பயன்படுத்துவது தவறு. செவ்வியலுக்கு முதலில் இசையமைப்பாளர், படைப்பு, பிறகு வாசித்தவர், நடத்துநர். ஜாஸுக்கோ வாசித்தவர்கள்தாம் படைப்பாளிகள். 1939இல் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாகின்ஸ் பதிவுசெய்த ‘பாடி அண்ட் சோல்’ தட்டில், மூலப் பாட்டின் மெட்டு சிறிது நேரமே எட்டிப்பார்க்கிறது. மற்றதெல்லாம் அவருடைய கற்பனை. பெயர்களை அட்டையிலிருந்து மொத்தமாகப் படிப்பதும் கூடாது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் ஐந்து துண்டுகளில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் பியானோ வாசித்தவர் பில் எவன்ஸ் அல்ல, வின்டன் கெல்லி. இதைத் தவறாகச் சொன்னால் கேட்பவர்கள் தொலைபேசியில் வருவார்கள். நான்கு துண்டுகளை ஓட்டிவிட்டு நான்கின் பெயர்களையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பதும் பயனற்றது, ஏனெனில் இரண்டுக்கு மேல் யாருக்கும் நினைவில் நிற்காது.

நேரக் கணக்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பியானோக் கலைஞர் கீத் ஜாரட் 1975 ஜனவரியில் கொலோன் நகரில் வாசித்த கச்சேரியின் முதல் பகுதி 26 நிமிடம் ஓடும். அதைக் கடைசியில் வைத்துவிட்டு, செய்தி நேரம் வந்ததும் ஒலியை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். பெரிய துண்டை நிகழ்ச்சியின் நடுவில் வைத்து, முடிவிலிருந்து பின்னோக்கி நிமிடங்களைக் கணக்கிட்டு, கடைசி இடைவெளியைச் சிறு துண்டுகளால் நிரப்ப வேண்டும். அதற்காகவே சாத்தியின் முதலாவது ‘ஜிம்னோபெடி’, ஸ்கார்லாட்டியின் சில சொனாட்டாக்கள், மேலே சொன்ன ஹாகின்ஸ் தட்டு என மூன்று நிமிட அளவிலான துண்டுகளை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: தொடங்கும் சுருதி, முடியும் சுருதி, முதல் பத்து விநாடி எப்படி, கடைசிப் பத்து விநாடி எப்படி, முடிந்தபின் எத்தனை விநாடி மௌனம். ‘பீஸ் பீஸ்’ அட்டையில் “பெர்ஸூஸை ஒட்டாதே, நடுவில் ஒரு நிமிடமாவது பேசு” என்று எழுதியிருக்கிறது. ஹைடன் அட்டையில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: “இன்னும் முடியவில்லை.”